பகிர்ந்த அறிவும் பால்மரமும்

சிங்கைத் தீவின் வடகோடியில், ஜொகூர் நீரிணையைப் பார்த்தபடி அமைந்த ஊர் உட்லண்ட்ஸ். அடுக்குமாடி வீடுகளும், பலதுறைத் தொழிற்கல்லூரியும், கணிப்பொறிகளுக்கு வேண்டிய நுண்சில்லுகளைச் செய்யும் ஆலைகளும், இரவும் பகலும் ஓயாத எல்லைச் சாவடியும் இன்று அவ்வூரின் அடையாளங்களாம். காட்டு நிலம் என்னும் பொருள் தரும் அப்பெயருக்கு ஏற்ற காட்சியை அங்கே இன்று காண்டல் அரிது. ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவ்வூரை அடுத்த மண்டாய், நீ சூன், செம்பவாங் வட்டாரங்களில் இரப்பர்த் தோட்டங்கள் பரந்து கிடந்தன. 1923-ஆம் ஆண்டில் நீரிணைப் பாலத்தின்மீது புகைவண்டி ஓடத் தொடங்கியபின், ஜொகூர்த் தோட்டங்களின் இரப்பர் உட்லண்ட்ஸ் வழியாகவே சிங்கைத் துறைமுகத்தை அடைந்தது. அதற்கு முன்பு சரக்குகள் தோணியிலேறி நீரைக் கடந்தன.

இம்மரம் இம்மண்ணுக்கு உரியதன்று. தென்னமெரிக்காவின் அமேசான் காட்டிலிருந்து வந்த வேற்று நாட்டு மரம் அது. அங்ஙனம் வந்த ஒரு மரம், ஒரு தலைமுறைக்குள் மலாயாவின் காடுகளையும் மலைச்சரிவுகளையும் மூடி, 1920-ஆம் ஆண்டளவில் உலக இரப்பரில் ஏறத்தாழப் பாதியைத் தந்தது எவ்வாறு? விதை வந்தது, மழை பெய்தது, மரம் வளர்ந்தது என்று விடை கூறுவோர் பலர். அவ்விடை போதாது. விதையின் வழிவந்த கன்றுகள் சிங்கைக்கு வந்த ஆண்டு 1877. முதல் வணிகத் தோட்டம் தோன்றிய ஆண்டு 1896. இடையிலுள்ள இருபது ஆண்டுகள் மரம் இங்கேதான் நின்றது, தொழில் பிறக்கவில்லை. ஒரு நிறுவனம் தான் கண்டறிந்ததை எழுதி வைத்து, எழுதியதை எவருக்கும் வழங்கத் துணிந்த பிறகே தொழில் பிறந்தது. ‘அறிவு மேலாண்மை’ என்று இன்று வணிகக் கல்லூரிகளில் பேசப்படும் பொருளுக்கு இதனினும் நெருங்கிய சான்று சிங்கை வரலாற்றில் கிடைப்பது எளிதன்று. அந்நிறுவனம், சிங்கைத் தமிழர் ‘பூமலை’ என அழைத்துவரும் தாவரத் தோட்டமே.

1876-ஆம் ஆண்டில் ஹென்றி விக்காம் என்னும் ஆங்கிலேயர், பிரேசில் நாட்டின் தப்பாஜோஸ் ஆற்றங்கரைப் பகுதியில் ஏறத்தாழ 70,000 விதைகளைத் திரட்டி இலண்டனை அடுத்த கியூ தாவரத் தோட்டத்திற்குக் கொணர்ந்தார். இதனைத் திருட்டு என்பாரும் உளர். அக்காலத்தில் அதனைத் தடுக்கும் சட்டம் இல்லை என்பாரும் உளர். எவ்வாறாயினும், முளைத்தவை நூற்றுக்கு நான்கு என்ற அளவே. அவற்றுட் பெரும்பங்கு இலங்கைக்குச் சென்றது. சிங்கைக்கு 1877-இல் வந்து சேர்ந்தவை 22 கன்றுகள். அவற்றுள் 9 கன்றுகள் பேராக் மாநிலத்துக் கோலக்கங்சாருக்கு அனுப்பப்பட, எஞ்சியவை பூமலையில் நடப்பட்டன. காலப்போக்கில் பூமலையை ஒட்டிய பொருளியற் பயிர்த் தோட்டத்திலும் மரங்கள் பெருகின. பின்னாளில் ராஃபிள்ஸ் கல்லூரி எழுந்ததும், இன்று சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் புக்கித் தீமா வளாகம் இருப்பதும் அந்நிலத்திலேயாம்.

1888-ஆம் ஆண்டில் ஹென்றி நிக்கலஸ் ரிட்லி பூமலையின் இயக்குநராக வந்து சேர்ந்தார். அப்பொழுது மரங்கள் இருந்தன. அவற்றிலிருந்து இலாபம் தரும் வகையில் பால் எடுக்கும் வழி எவர்க்கும் தெரியவில்லை. அமேசான் காட்டில் சிறு கோடரியால் மரத்தைக் கொத்துவர். கொத்து கட்டை வரை இறங்கும். அதனால் மரம் முண்டும் முடிச்சுமாகி, சில ஆண்டுகளில் பயனற்றுப் போகும். காட்டில் மரத்திற்குப் பஞ்சமில்லை. ஆதலின் அம்முறை அங்கே செல்லுபடியாயிற்று. நட்டு வளர்த்து ஆறேழு ஆண்டுகள் காத்திருக்கும் தோட்டக்காரனுக்கு அது கட்டுமோ?

ரிட்லி பல ஆண்டுகள் மரங்களை வெட்டி வெட்டிப் பார்த்தார். நாளின் எந்நேரத்தில் பால் மிகுதியாக வடிகிறது, எத்தனை நாள் இடைவிட்டால் நலம், வெட்டு எத்துணை ஆழம் செல்லலாம் என்று அளந்து குறித்தார். அம்முயற்சியில் தெளிந்த உண்மைகள் இரண்டு. முதலாவது, மரப்பட்டைக்கும் கட்டைக்கும் இடையே உள்ள மெல்லிய வளர்படலத்தைத் தொடாமல் பட்டையை மட்டும் சீவினால், சீவிய இடத்தில் புதுப்பட்டை வளரும். அவ்விடத்தையே சில ஆண்டுகள் கழித்து மீண்டும் வெட்டலாம். இரண்டாவது, புதிய புதிய இடத்தில் கொத்துவதைவிட, பழைய வெட்டின் கீழ் விளிம்பையே மெல்லிதாகச் சீவி வந்தால் பால் குறைவதற்கு மாறாக மிகுகிறது. மீன்முள் போன்ற வடிவில் நடுவே ஒரு வாய்க்காலும் பக்கங்களில் சாய்ந்த வெட்டுகளும் இட்டுப் பால் சேர்க்கும் முறை இவ்வாய்வின் பயனாக 1890-களில் உருவாயிற்று. மரத்தைக் கொல்லாமல் இருபது முப்பது ஆண்டுகள் பால் கறக்க வழி பிறந்தது. இலங்கைப் பேராதனைத் தோட்டத்தில் ஜான் பார்க்கின் என்பவரும் 1898, 1899-ஆம் ஆண்டுகளில் இதனையொத்த ஆய்வை நடத்தி, பாலை உறையச் செய்ய அசெட்டிக் அமிலம் ஏற்றதெனக் காட்டினார். ஒரு தோட்டத்தில் கண்டது மற்றொரு தோட்டத்துக்கு ஏடுகளின் வழியே எட்டியது.

கண்டறிதல் பாதிதான். கண்டதைத் தம்மிடமே வைத்துக்கொண்டோர் உலகில் எண்ணற்றோர். தமிழ் மருத்துவத்திலேயே இதற்குச் சான்று தேடலாம். கைகண்ட முறைகளை மறைமொழியில் ஏட்டிலெழுதி, பொருளை மாணாக்கன் ஒருவனுக்கு மட்டும் செவிவழிச் சொன்ன ஆசான்கள் இருந்தனர். அம்மாணாக்கன் மறைந்ததும் ஏடு எஞ்சியது, பொருள் மறைந்தது. மருந்தைத் தகுதியற்றோர் கையாளலாகாது என்னும் நல்லெண்ணம் அம்மறைப்பில் இருந்திருக்கலாம், இழப்பு இழப்பே. ரிட்லியின் வழி இதற்கு நேர்மாறானது. மலாயாத் தீபகற்பத்துக்குரிய வேளாண்மை இதழ் ஒன்றை அவர் 1891-இல் தொடங்கினார். பயிர், பூச்சி, நோய், அறுவடை என யாவும் அதில் வெளிவந்தன. பால்வெட்டு முறையும் அச்சேறியது. அதற்கு உரிமைக் காப்பும் இல்லை, விலையும் இல்லை. தோட்டக்காரர்களைக் காணும்போதெல்லாம் விதைகளைக் கையில் திணித்து, நடுங்கள் என்று வற்புறுத்துவார். ‘கிறுக்கு ரிட்லி’ என்னும் பட்டப்பெயர் இதனால் வந்ததே. 1917-ஆம் ஆண்டளவில் பூமலையிலிருந்து சென்ற விதைகள் 70 இலட்சத்துக்கு மேற்பட்டன.

அன்று தோட்டக்காரர் மனத்தில் இருந்த பயிர் காப்பி. அவர்கள் ரிட்லியை நகைத்தது வியப்பன்று. பலன் காண ஆறேழு ஆண்டு காத்திருக்க வேண்டிய மரத்தை யார் நம்புவர்? முதலில் நம்பியவர் ஆங்கிலேயரல்லர். மலாக்காவைச் சேர்ந்த சீன வணிகர் தான் சே யான் 1896-இல் புக்கித் லிந்தாங் என்னுமிடத்தில் ஏறத்தாழ 40 ஏக்கரில் இரப்பர் நட்டார். மலாயாவின் முதல் வணிக இரப்பர்த் தோட்டம் அதுவே. பின்னர் புக்கித் அசகானில் அதனினும் பன்மடங்கு பெரிய தோட்டத்தை உருவாக்கினார். 1906-இல் தான் கா கீ இவரிடமிருந்து விதை வாங்கித் தம் அன்னாசித் தோட்டத்தில் செடிகளின் இடையிடையே நட்டார். மரம் வளரும் ஆண்டுகளில் அன்னாசி வருவாய் தரும். மரம் நிழல் கொடுக்கும் நாளில் அன்னாசி ஒதுங்கும். இம்முறை பூமலை இதழில் ஓர் இயக்குநர் எழுதிக் கொடுத்ததன்று. கையில் முதல் குறைந்த உழவர், கிடைத்த அறிவைத் தம் நிலைக்கேற்ப வளைத்துக்கொண்டது. நீ சூன் என்னும் ஊர்ப்பெயருக்கும் இன்றைய ஈசூன் நகரின் பெயருக்கும் காரணமான லிம் நீ சூன் இரப்பரும் அன்னாசியும் சேர்த்து வளர்த்துச் செல்வரானவர். திறந்து விட்ட அறிவு எந்தக் கையில் எவ்வடிவம் கொள்ளும் என்பதைத் திறந்தவரே முன்னறிய இயலாது.

1890-களின் இறுதியில் பிரேசில் காப்பி மிகுந்து விலை வீழ்ந்தது. பூச்சியும் தாக்கியது. காப்பியை இழந்த தோட்டக்காரர்கள் திரும்பிப் பார்த்தபோது விதையும் முறையும் ஆயத்தமாக இருந்தன. 1908-இல் ஃபோர்டு நிறுவனம் தன் ‘டி’ வகைக் காரை வெளியிட்டது. 1910-இல் இரப்பர் விலை இராத்தலுக்குப் பன்னிரண்டு ஷில்லிங்குக்கு மேல் ஏறியது. எஞ்சிய கதை யாவரும் அறிந்ததே.

அதே ஃபோர்டின் மற்றொரு கதை அவ்வளவாக அறியப்படாதது; இங்கே ஒப்பிடத் தக்கது. ஹென்றி ஃபோர்டு ஆங்கில, டச்சுத் தோட்டங்களை நம்பியிருக்க விரும்பாமல் 1927-இல் தப்பாஜோஸ் ஆற்றங்கரையில் பெருநிலம் பெற்று ஃபோர்ட்லாந்தியா என்னும் நகரை எழுப்பினார். விக்காம் விதை எடுத்த அதே ஆற்றுப் பகுதி. பணத்துக்குக் குறைவில்லை. எந்திரங்கள் கப்பலில் வந்தன; மருத்துவமனையும் அமெரிக்க முறை வீடுகளும் எழுந்தன. இரப்பர்ப் பயிர் வளர்ப்பில் தேர்ந்த வல்லுநர் மட்டும் தொடக்கத்தில் அத்தோட்டத்தில் இல்லை. அமேசானில் இரப்பர் மரத்தை இலைக்கருகல் நோய் தாக்கும். காட்டில் மரங்கள் தொலைதூரம் விட்டு நிற்பதால் நோய் பரவாது. நெருங்க நட்ட தோட்டத்தில் ஒரு மரத்தின் இலையிலிருந்து மறு மரத்தின் இலைக்கு நோய் எளிதில் தாவியது. பின்னரே நோய்நூல் வல்லுநர் வந்தார். பெல்தெர்ரா என்னும் இடத்துக்கு மாறினர். தென்கிழக்காசியாவிலிருந்து நல்லினக் கிளைகளைக் கொணர்ந்து ஒட்டுப்போட்டனர். அதாவது அந்த ஆற்றங்கரையிலிருந்து போன விதைகளின் பேரப்பிள்ளைகள் திரும்பி வந்தன. அவையும் நோயை வெல்லவில்லை. 1945-இல் ஃபோர்டு நிறுவனம் அனைத்தையும் பிரேசில் அரசிடமே விற்றுவிட்டு விலகியது. ஆசியாவில் அந்நோய் இல்லை என்பது மலாயாவுக்கு வாய்த்த நற்பேறு. ரிட்லியின் புகழில் அப்பேற்றுக்கும் ஒரு பங்கு உண்டென்று ஒப்புக்கொள்வதே நேர்மை.

இதுவரை சொன்னது மேலிருந்து கீழே இறங்கிய அறிவின் கதை. தமிழர் வரலாற்றைக் கருதுவோர் கேட்க வேண்டிய வினா ஒன்று எஞ்சி நிற்கிறது. வளர்படலத்தைத் தொடாமல் சீவுக என்று இதழில் எழுதலாம். விடியற்காலை இருளில், தலையில் கட்டிய விளக்கொளியில், அதனைச் செய்தவர் யார்?

கங்காணிகளின் வழியாகத் தமிழகத்தின் சிற்றூர்களிலிருந்து வந்த ஆண்களும் பெண்களுமே மலாயாவின் பெருந்தோட்டங்களில் பால்வெட்டினர். ஒருவர் பொறுப்பில் நாளொன்றுக்கு 300 முதல் 500 மரங்கள் வரை இருக்கும். மரத்தின் பாற்குழாய்கள் உட்பட்டையில், வளர்படலத்தை ஒட்டியே மிகுதியாக உள்ளன. மேலோட்டமாக வெட்டினால் பால் குறையும். சிறிது ஆழ்ந்தால் மரம் காயப்பட்டு முடிச்சிடும். விட வேண்டிய பட்டையின் தடிப்பு ஒரு மில்லிமீட்டர் அளவே. குழாய்கள் நேராக நில்லாமல் சற்றே வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. ஆதலின் வெட்டு இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ வேண்டும். குளிர்ந்த வைகறையில் மரத்துக்குள் நீரழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏற ஏறப் பால் சுரப்பு குன்றும். இவற்றின் காரணங்களை ஆய்வுக்கூடம் சொல்லும். உளி பட்டையில் ஓடும்போது எழும் சிறு ஓசையிலும் கைக்குத் தட்டும் இறுக்கத்திலும் ஆழத்தை அறிவது ஆய்வுக்கூடத்தில் கிடைப்பதன்று. வெட்டி வீழ்த்தவிருக்கும் கிழமரங்களில் புதியோர் பழகுவர். தாயின் பின்னே மகளும், அண்ணன் பின்னே தம்பியும் நிரையில் நடந்து கற்பர். மங்கில் பால் வைக்கும் இடம், ஒட்டுப்பாலை உரித்தெடுக்கும் விதம், மழை வருமுன் எந்த மரத்தை விடுவது என்பன யாவும் அவ்வாறே கைமாறின.

மைக்கேல் பொலானி என்னும் அறிஞர் 1966-இல் வெளியிட்ட நூலொன்றில், மாந்தர் தாம் சொல்லக்கூடியதைவிட மிகுதியாக அறிந்திருக்கின்றனர் என்னும் கருத்தை விளக்கினார். மிதிவண்டி ஓட்டுபவன் தான் விழாமலிருப்பது எப்படி என்று சொல்ல மாட்டான். ஜப்பானியப் பேராசிரியர்களான நொனாகாவும் தாக்கேயுச்சியும் இக்கருத்தை எடுத்துக்கொண்டு, 1995-இல் நிறுவனங்களுக்குப் பொருத்திக் காட்டினர். தொழிலாளியின் கையிலுள்ள சொல்லா அறிவைச் சொல்லாக்குவதும், சொன்னதை மீண்டும் பலர் கைக்குப் பழக்கமாக்குவதும் மாறி மாறி நிகழும் இடத்திலேயே புதுமை பிறக்கும் என்பது அவர்கள் முடிவு. மலாயாத் தோட்டங்களில் இவ்விரண்டில் ஒன்றே ஒழுங்காக நடந்தது. சொல் கைக்கு இறங்கியது. கை சொல்லாக ஏறுவதற்குப் படி எதுவும் இல்லை. பால்வெட்டுபவர் பேச்சு கங்காணியிடம் நிற்கும். கங்காணியின் பேச்சு கிராணியிடம் நிற்கும். துரையின் செவிக்கு எட்டுவது பாலின் எடை மட்டுமே.

இதனால் தொழில் இழந்தது என்ன என்பதற்குச் சான்று உண்டு. பெருந்தோட்டங்களில் மரங்களின் கீழ் ஒரு புல்லும் நில்லாதபடி களை பறிப்பதே நல்ல நிருவாகத்தின் அடையாளமாகக் கருதப்பட்டது. அவ்வேலைக்கு ஆள்கூலி மிகுதி. பெருமழை பெய்த சரிவுகளில் மேல்மண் அரித்துச் சென்றது. அருகிலிருந்த மலாய், சீனச் சிறுதோட்டக்காரர்களோ களையை அவ்வாறு பறிக்கவில்லை. மரங்களையும் நெருக்கமாக நட்டனர். சோம்பலும் அறியாமையுமே இதற்குக் காரணம் என்று பெருந்தோட்டத்தார் இகழ்ந்தனர். 1930-களில் மலாயாவின் இரப்பர் நிலத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு இச்சிறுதோட்டக்காரர் கையில் இருந்தது. அத்துணைப் பேர் சேர்ந்து அறியாமையில் மூழ்கியிருந்தனர் என்பது நம்பத்தக்கதா என ஒருவரும் எண்ணவில்லை போலும். ஆய்வுகள் பின்னர்க் காட்டியது வேறு. மண்ணை மூடிய செடிகள் அரிப்பைத் தடுத்தன; நெருங்க நட்டதால் ஏக்கர்க் கணக்கில் பால் குறையவில்லை, மிகுந்தே வந்தது. பெருந்தோட்டங்களும் மூடுபயிர் விதைக்கலாயின. முன்னிலும் நெருக்கமாக நடலாயின. 1946-இல் மலாயாவுக்கு வந்து சிறுதோட்டங்களை நேரிற் பார்த்த பொருளியலறிஞர் பி. டி. பாவர், 1948-இல் வெளியிட்ட நூலில் இவற்றை விரித்து எழுதினார். தேவைப்பட்ட அறிவு வேலிக்கு அப்பால் கண்ணெதிரே நின்றது; அதனை அறிவென ஏற்கவே பல்லாண்டு சென்றது.

நல்லின மரங்களைத் தேர்ந்த வரலாறும் இதைப் போன்றதே. ஒரே தோட்டத்தில் சில மரங்கள் மற்றவற்றினும் பன்மடங்கு பால் தருவதை 1910-களில் அறிவியலார் அளந்து நிறுவினர். அம்மரங்களின் கண்களை எடுத்து ஒட்டுக்கட்டும் முறை டச்சுக்காரர் ஆண்ட கிழக்கிந்தியத் தீவுகளில் உருவாயிற்று. இன்று புத்ராஜாயா நகர் நிற்கும் இடத்தில் அன்றிருந்த பிராங் பெசார் தோட்டமும், 1925-இல் சட்டப்படி நிறுவப்பட்ட மலாயா இரப்பர் ஆய்வுக் கழகமும் பல இனங்களை வெளியிட்டன. தேர்ந்தெடுக்காத விதைமரங்கள் ஹெக்டேருக்கு ஆண்டொன்றில் 500 கிலோ அளவே தந்தன. கழகத்தின் 600-ஆம் எண் இனமோ 1,500 கிலோவுக்கு மேல் தந்தது. இவ்வெற்றி ஆய்வுக் கழகத்துக்கு உரியது, ஐயமில்லை. எனினும், எந்த மரத்தின் மங்கு முதலில் நிரம்பும் என்பதை நாள்தோறும் மங்கைக் கவிழ்ப்பவர் அறியாதிருக்க முடியாது. அவரிடம் கேட்டிருந்தால் சில ஆண்டுகளேனும் மிச்சப்பட்டிருக்கக் கூடும்.

ரிட்லி 1912-இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பி, 1956-இல் நூறு வயது கடந்து மறைந்தார். அவர் தொடங்கிய வேளாண்மை இதழின் வழிவந்த பூமலை ஆய்விதழ் இன்றும் வெளிவருகிறது. 2015-இல் பூமலை உலக மரபுடைமைத் தளமாக அறிவிக்கப்பட்டபோது இரப்பர் ஆய்வும் அதன் சிறப்புகளுள் ஒன்றாகக் குறிக்கப்பட்டது.

கையறிவு மேலே ஏறுவதற்கான படியைச் சிங்கை பிற்பாடே கட்டியது. அதுவும் தோட்டங்களில் அன்று, ஆலைகளில். 1972-இல் தேசிய உற்பத்தித்திறன் கழகம் அமைந்தது. 1981-இல் தொடங்கிய உற்பத்தித்திறன் இயக்கத்தின்போது, ஜப்பானில் 1962 முதல் நடந்துவந்த தரக்கட்டுப்பாட்டு வட்டங்கள் இங்கும் பரப்பப்பட்டன. எந்திரத்தின் முன் நிற்கும் சில தொழிலாளர் ஒன்றுகூடி, தாம் அன்றாடம் காணும் குறையை ஆராய்ந்து, மாற்றத்தைத் தாமே எழுதி மேலாளர் முன் வைப்பர். அவ்வட்டங்கள் கூடத் தொடங்கிய ஆண்டுகளில் உட்லண்ட்ஸில் அடுக்குமாடி வீடுகள் வரிசை வரிசையாக எழுந்துகொண்டிருந்தன. உளி பிடித்துப் பழகிய தலைமுறை அதற்குள் மூப்பெய்தியிருந்தது.